காலைப் பிடித்த நாலாவது ஆள்

இது நடந்தது. அன்று அறையில் இருந்த எங்களில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வோம்.

சென்ற ஐப்பசியில் என் தம்பி மாதையனுக்கு முதுகெலும்பில் கிருமி தாக்கிச் சீழ் கட்டியது. சீழ் நரம்பை அழுத்தியதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தர்மபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எலும்பு, நரம்பு, தொற்றுநோய் என்று மூன்று டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி, மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள். அதுவரை படுக்கைப்புண் வராமலிருக்க அவனை அவ்வப்போது புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகு துளி முறுக்கினாலும் கால் போனதுதான். அதனால் நாலு பேர் சேர்ந்து, மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

நான், அவன் மனைவி தீர்த்தம்மாள், நர்ஸ் சோபனா. காலைப் பிடிக்கச் சித்தப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். போன் ஸ்விட்ச் ஆஃப்.

"கெடா வெட்டுன்னா மொத ஆளா எலை போட்டு உக்காருவாரு ஒங்க சித்தப்பா," என்றாள் தீர்த்தம்மாள். "காலைப் புடிக்கச் சொன்னா ஆளையே காணோம்."

மூன்று டாக்டர்கள் கூடினார்கள். ஒரு சித்தப்பா கூடவில்லை.

மாலை ஆறே முக்கால். கரண்ட் போனது. அரையிருட்டில் கால்மாட்டில் ஓர் உருவம்...

"வந்துட்டாருங்க," என்றாள் சோபனா. "புடிங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு."

தம்பி அலுங்காமல் திரும்பினான்.

அழுதுகொண்டே சிரித்தான். "அண்ணா... காலு தெரியுதுண்ணா! ஆரோ புடிக்கறாங்க. சில்லுனு இருக்குது."

விளக்கு வந்தது.

கால்மாட்டில் யாரும் இல்லை.

கட்டிலின் கால்மாடு சுவரை ஒட்டிக் கிடந்தது. அங்கே ஆள் நிற்க இடமே இல்லை.

தீர்த்தம்மாள் அவன் பாதத்தைக் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"இல்ல..."

இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

"தெரியல புள்ள. ஆனா அவுங்க இன்னும் புடிச்சிருக்கறாங்க... வுடச் சொல்லு."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. வாரக்கணக்கில் ஊசி மருந்து, பிறகு பிசியோதெரபி. சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "அன்னைக்கு வர முடியலப்பா," என்றார், கூசாமல்.

தம்பி இப்போது நடக்கிறான். கணுக்காலில் மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு டாக்டர் ஊசிமுனையால் குத்திப் பார்த்து, மரத்த இடங்களைப் பேனாவால் சுற்றி வரைந்தார். வரைந்து முடித்ததும் பேனாவை மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கணுக்காலிலும், இறுக்கிப் பிடித்த கையின் நாலு விரல், ஒரு கட்டைவிரல்.

"நரம்பு இப்படி ஓடாதுங்களே..."

அந்த இடத்தில் நாங்கள் தொட்டால் அவனுக்குத் தெரிவதில்லை. சில நாள், யாரும் தொடாதபோது, காலை உதறுகிறான்.