சமையலறையில் பேசியது

கோவையில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், கல்யாணமான புதிதில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். அறுபதை ஒட்டிய வயது.

முதல் வாரமே சமையலறைக் குழாய் ஒழுகியது. "நாளைக்கு அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்று கணவரிடம் சொன்னேன். அவர் போன் செய்யுமுன்பே காலையில் பிளம்பர் வந்து நின்றார். தண்ணீர் சத்தம் கீழே கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். அடுத்து பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள். அதற்குச் சத்தமே கிடையாது. சமையலறையில் எங்களுக்குள் பேசிக்கொண்டதோடு சரி, அதையும் நாங்கள் சொல்லாமலே ஆள் அனுப்பிச் சரிசெய்தார். இப்படி ஒரு ஓனர் யாருக்குக் கிடைப்பார் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னேன்.

நாள் தள்ளிப்போயிருப்பதை ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே கணவரிடம் மெல்லச் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியாது. டாக்டரிடம்கூடப் போகவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பியபோது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றிருந்தார்.

"படியில மெதுவா எறங்கு கண்ணு. இனிப் பாத்துத்தான் இருக்கோணும்."

சிரித்தபடிதான் சொன்னார். பஸ் ஏறியதும் கணவருக்குப் போன் செய்தேன்; யாரிடமும் சொல்லவில்லை என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் வெளியே போயிருந்தார். பாத்திரம் கழுவி முடித்துத் தண்ணீரை நிறுத்தியதும் யாரோ மூச்சு விடுவது கேட்டது. மாடியிலிருந்து கீழ்வீடுவரை குழாய்கள் இறங்கும் குறுகிய சந்துப் பக்கம் இருந்த சின்ன ஜன்னலிலிருந்து வந்தது அது. முகத்தை அருகே கொண்டுபோய், "ஏனுங்க அக்கா" என்றேன்.

"சொல்லு கண்ணு" என்றது குரல், என் காதோரம் நிற்பதுபோல.

கீழே போனேன். கதவு திறந்தே கிடந்தது. அவருடைய சமையலறையில், அதே சந்துப் பக்கம் இருந்த ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"நாங்க பேசறது எல்லாமே கேக்குமுங்களா?"

"கேட்டுட்டிருந்தா ஊட்டுல ஆளிருக்கற மாதிரி இருக்கும் கண்ணு. வேணுங்கறதச் செஞ்சு குடுத்துட்டுத்தான இருக்கறேன்?"

"செய்யறீங்க, இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா நாங்க வந்து சொன்னா மட்டும் செய்யுங்க. நீங்க ஏதாச்சும் சொல்லோணும்னா போன் பண்ணுங்க, இல்லாட்டி பெல் அடிங்க."

"செரி" என்றார், வருத்தமோ கோபமோ இல்லாமல்.

மாலையில் கணவர் பலகை வெட்டி எங்கள் சமையலறையின் அந்த ஜன்னலை அடைத்தார். அதன்பின் எதுவானாலும் வீட்டுக்காரம்மா போன் செய்து கேட்டுவிட்டுத்தான் மேலே வந்தார். மரியாதையாகவே பேசினார். கீழே போகும்போதெல்லாம் பார்ப்பேன், நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை. அந்த வீட்டில் இருந்தவரை சமையலறையில் நான் வாய் திறக்கவில்லை. கணவர் ஏதாவது கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்து பதில் சொல்வேன்.