சிவப்புக் குறியை நம்பினோம்

சித்திரபுரத்துக்கு மேலே யூகலிப்டஸ் காட்டு ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதென்றால் எனக்கும் மச்சான் செல்வத்துக்கும் பைத்தியம். அடிக்கடி வழி தவறி எரிச்சலாகி, பாதை பிரியும் இடங்களில் மரத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். அடுத்த முறை போனால் மரத்துக்கு மரம் சிவப்பு!

"நீதானே இத்தனையும் அடிச்ச?" என்று நான் கத்த, "நான் எதுக்குடா அடிக்கணும்?" என்று அவன் கத்த, சண்டை தீராமலே அந்தச் சிவப்பைப் பார்த்தே போனோம். பாதை மறைந்து, சைக்கிளைத் தோளில் சுமந்தோம்.

"எலேய், அங்கயே நில்லுங்கடா! மரம் சாயுது!" என்று மரம் வெட்டுகிற ஆள் ஒருவர் அலறினார். கண்ணெதிரே மடாரென்று விழுந்தது மரம்.

தேயிலை ஃபாக்டரி விறகுக்கு வெட்டும் மரத்துக்கும் சிவப்புதான் அடிப்பார்கள். எஸ்டேட்டிலேயே வளர்ந்த எங்களுக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்!

இப்போது நீல ரிப்பன் கட்டுகிறோம். வெட்டு எங்கே என்று சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டே ஏறுகிறோம். நாங்கள் சிவப்பு அடித்த மரங்களா? அவையும் ஃபாக்டரி அடுப்புக்குப் போய்விட்டன.