ஓடி வாங்கிய குடம்

பள்ளி மைதானத்தில் மைக் கீச்சிட்டது. ஓட்டத்தில் ஜெயித்த என் மகளைப் பாராட்டக் கூப்பிட்டிருந்தார்கள்.

சைதாப்பேட்டையில் நான் படித்தபோதும் இப்படித்தான். மைக்கில் என் பெயரைச் சொல்லி, புழுதி அப்பிய கையில் ஒரு எவர்சில்வர் குடத்தைத் தந்தார்கள். வீட்டில் அம்மா அதைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கனமா கீது. இவ கல்யாணத்துக்கு ஆவும்," என்று பரண்மேல் ஏற்றினாள்.

"பொண்ணு ஓடுனது போதும்மே," என்றார் நைனா. அடுத்த வருடம் பள்ளிக்கூடமும் நின்றது.

மேடையிலிருந்து இறங்கி வந்த மகள், "அம்மா, அடுத்த போட்டி மதுரைலயாம். அனுப்புவியா?" என்றாள்.

ரயிலில் தனியாக, கண்ட இடத்துச் சாப்பாடு, விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டால்? நினைக்கவே பயமாக இருந்தது.

"எத்தினி மணிக்கு வண்டி?" என்று கேட்டேன்.