ஏரிக்கரையில் பதினான்கு கிழமைகள்

ஜெனோஜா தான்சானியாவுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது, அவளுடைய அம்மா றெஜினா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"பரமட்டாவைச் சுத்தி இல்லாத ஆஸ்பத்திரியா? அங்க போய்த்தான் படிக்கோணுமா?"

அவர்கள் வீடு சிட்னியின் பரமட்டாப் பகுதியில். ஜெனோஜா அங்கே பிஸியோதெரபி மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பல்கலைக்கழகம் வருடத்துக்கு நான்கு பேரை அங்கே அனுப்பியது. பதினான்கு வாரப் பயிற்சி. காலையில் அந்த ஊர்க் கல்லூரியில் பாடம், மதியத்துக்குப் பிறகு மருத்துவமனையில் தொண்டு வேலை. விண்ணப்பம் போட்டதை வீட்டில் மூச்சுவிடாமல், இடம் கிடைத்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். அப்பா டெஸ்மன்ட் சண்டை பிடிக்கவில்லை. "ஊசியெல்லாம் போட்டாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

டெஸ்மன்ட் மன்னாரிலிருந்து வந்தவர். இருபத்தைந்து வருடமாக பஸ் டிப்போ ஒன்றில் மெக்கானிக். வலது காலை இழுத்து இழுத்து நடப்பார். வீட்டுக்குள்ளும் தடித்த காலுறை, கடற்கரைக்குப் போனாலும் சப்பாத்து. சின்ன வயதில் ஜெனோஜா காரணம் கேட்டபோது, கோயிலுக்கு வந்த ஒரு அன்ரி, "அப்பாவுக்குச் செல் பட்டது பிள்ளை, கேக்கக்கூடாது" என்றார். போரில் எறிகணைகளுக்குத் தப்பி வந்தவர்களிடம் யாரும் காயத்தைத் தோண்டிக் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

தான்சானியாவில் அவள் போய்ச் சேர்ந்தது பெரிய ஏரியொன்றின் கரையில் இருந்த பட்டணம். விடுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. ஏரிக்கரை நெடுக நெத்தலி போன்ற பொடி மீன்களைக் காயப்போட்டிருந்தார்கள். முதல் நாள் வகுப்பு ஜன்னல் வழியாக அந்த வாசனை மூக்கில் ஏறியபோது அம்மாவின் குசினி ஞாபகம் வந்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண், வீட்டை நினைத்து அழுகிறாளாக்கும் என்று ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாள்.

மருத்துவமனையில் அவளுக்குக் கிடைத்தது வளைபாதக் குழந்தைகளின் பிரிவு. பாதம் உள்பக்கம் மடங்கிப் பிறக்கிற குழந்தைகள். அந்தப் பாதத்தை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பி, தொடைவரை மாவுக்கட்டுப் போடுவார்கள். கிழமைக்கு ஒருதரம் அதைக் கழற்றி, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதிதாகப் போடுவார்கள். ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பிறகு மறுபடி மடங்காமலிருக்க ஒரு விசேஷச் சப்பாத்து.

அந்தப் பிரிவை நடத்தியவர் எலியா. ஐம்பது வயது இருக்கும். ஜெனோஜா குறிப்புப் புத்தகமும் பேனாவுமாகப் போய் நின்றபோது, அவர் ஒரு வாளியைக் கொடுத்தார். பழைய கட்டுகளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுவதுதான் அவளுடைய வேலை. முதல் மூன்று கிழமையும் அதையேதான் செய்தாள். குழந்தைகள் அவள்மேல் மூத்திரம் பெய்தன. அவளுடைய சுவாஹிலியைக் கேட்டுத் தாய்மார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான்காவது கிழமை எலியா, "வா, இந்தக் காலைப் பிடி" என்றார். நான்கு மாதப் பெண் குழந்தை. பெயர் நீமா. அந்தச் சின்னக் குதிகால் உள்ளங்கையில் அடங்கியபோது ஜெனோஜாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "நீயும் மூச்சு விடு, குழந்தையும் விடட்டும்" என்றார் எலியா. நீமாவின் தாய் ரெஹேமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் அது நடந்தது. மருத்துவமனை வாசற்காவல்காரர் அவளுக்கு முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். சின்ன வயதில் சிகிச்சை கிடைக்காத வளைபாதம் அவருக்கு. பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, தோளை ஒரு வெட்டு வெட்டி நடந்தார். ஜெனோஜா நின்றுவிட்டாள். அந்த நடையை அவளுக்குத் தெரியும். ஞாயிறு ஞாயிறாய் அந்த நடைக்குப் பின்னால்தான் அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

மறுநாள் மதியம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். சிட்னியில் பொழுது சாய்ந்திருந்தது.

"அப்பா, ஒண்டு கேக்கிறன். கோவிக்கக்கூடாது. உங்கட கால்... அது செல் பட்டதில்லை, என்ன? பிறக்கேக்கயே அப்பிடித்தானே?"

மறுபுறத்தில் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஓம்" என்றார் டெஸ்மன்ட்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பிறவிக் கோளாறு என்றால் நாளைக்குப் பிள்ளைக்கும் வரும் என்று ஊர் சொல்லும், பெண் தரமாட்டார்கள் என்று அவருடைய தாய் பயந்தாராம். அதனால் ஊரெல்லாம், பிள்ளை கட்டிலால் விழுந்தவன் என்று கதை. சிட்னிக்கு வந்த பிறகு சனங்கள் தாங்களாகவே செல் என்றார்கள். அவர் மறுக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கலியாணத்துக்கு முதலே சொல்லிப்போட்டன். அவவுக்குப் பொய் சொல்லேலாது." அவரே தொடர்ந்தார். "நீ பிறந்த நேரம் நேர்ஸ் உன்னைத் தூக்கித் தந்தவ. நான் உன்ர முகத்தைப் பாக்கேல்லை மகள். துணியை விலத்தி முதல்ல காலைத்தான் பாத்தனான். ரெண்டும் நேரா இருந்தது. பிறகுதான் முகத்தைப் பாத்தன்."

ஜெனோஜா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தேம்பல் கேட்காமல் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு கிழமையும் நீமா வரவில்லை. இடையில் விட்டால் பாதம் பழையபடி மடங்கத் தொடங்கிவிடும். சனிக்கிழமை எலியா தன் மோட்டார் சைக்கிளில் ஜெனோஜாவை ஏற்றிக்கொண்டு ரெஹேமாவின் வீட்டுக்குப் போனார். முற்றத்தில் ஒரு மினிபஸ்ஸின் கீழே படுத்திருந்த ஆள் எழுந்து வந்தான். ரெஹேமாவின் கணவன் பராக்கா. அந்த மினிபஸ்ஸின் சாரதி. குழந்தையின் கட்டு நனைந்து நைந்துபோய், அவனே அதை வெட்டி எடுத்துவிட்டிருந்தான்.

எலியா சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கடைசியில் ஜெனோஜாவைக் காட்டி என்னவோ சொன்னான். எலியா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். இந்தக் காலோடு வளர்ந்த ஒருவரோடு நீ ஒரு நாளாவது இருந்திருக்கிறாயா என்று கேட்கிறான்."

"இருந்திருக்கிறேன். இருபத்தொரு வருஷம்" என்றாள் ஜெனோஜா. "என்னுடைய அப்பா."

பராக்கா நம்பவில்லை. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட கால்கள் இல்லை என்றான்.

அவள் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். டெஸ்மன்ட் வேலைக்குப் போட்டுப்போன சப்பாத்தோடு சாப்பாட்டு மேசையில் இருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். காட்டச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. "அப்பா, நீங்கள் வாயால சொன்னாலே காணும்" என்றாள்.

டெஸ்மன்ட் திரையில் தெரிந்த பராக்காவை ஒருமுறை பார்த்தார். பிறகு தொலைபேசியை றெஜினாவிடம் கொடுத்து, "வடிவாப் பிடியும்" என்றார். குனிந்தார். சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். காலுறையை உருவினார்.

இருபத்தொரு வருடத்தில் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பாதத்தை ஜெனோஜா ஒரு அந்நிய முற்றத்தில், அயலவர் ஆறேழு பேரோடு சேர்ந்துதான் பார்த்தாள். உள்பக்கம் சுருண்டிருந்தது. தரையில் ஊன்றுகிற வெளிவிளிம்பு முழுக்கக் காய்ப்பு ஏறிக் கறுத்திருந்தது.

"வலிக்குமா என்று கேள்" என்றான் பராக்கா.

"ஒவ்வொரு நாளும்" என்றார் டெஸ்மன்ட் ஆங்கிலத்தில். "இப்பொழுதும் வலிக்கிறது."

அவளிடம் அவர் எப்போதும், நோவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்.

பராக்கா அடுத்து, இவருக்குக் கல்யாணம் ஆனதா என்று கேட்டான். றெஜினா தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, "நான்தான்!" என்று கை காட்டினார். என்ன சொன்னார் என்று விளங்காமலே முற்றம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் டெஸ்மன்ட் சொன்னார்: "எனக்கு மூன்று மாசமாக இருக்கும்போது இப்படி ஒரு வைத்தியம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், என் தாய் என்னைத் தூக்கிக்கொண்டு கொழும்புவரை நடந்தே போயிருப்பார். உங்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது தம்பி."

எலியா அதை நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தார். பராக்கா குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தான். "வியாழக்கிழமை முதல் ட்ரிப் முடியக் கொண்டுவருகிறேன்" என்றான்.

சொன்னபடி வந்தான். அவனே குழந்தையை மடியில் வைத்திருந்தான். இன்னும் நான்கு கட்டுகள், குதிநரம்பில் ஒரு சின்ன வெட்டு, மூன்று கிழமைக்கு இன்னொரு கட்டு. ஜெனோஜா புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன் நீமாவுக்குச் சப்பாத்து மாட்டினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி அமையவில்லை. அவள் தேடிப்போன இன்னொரு வீடு பூட்டிக் கிடந்தது. சுரங்க வேலைக்குக் குடும்பமாகப் போய்விட்டதாக அயலில் சொன்னார்கள். அந்தப் பூட்டு இப்போதும் அவளுக்குக் கனவில் வரும்.

ஜெனோஜா இப்போது சிட்னியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். அவள் ஊர் திரும்பிய பிறகும் பராக்காவின் அழைப்பு நிற்கவில்லை, ஆனால் அது அவளுக்கு வருவதில்லை. டெஸ்மன்ட் மெக்கானிக் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத்தான் எடுக்கிறான். மினிபஸ்ஸின் கிளட்ச் வழுக்குகிறது, கியர் விழும்போது கத்துகிறது என்று ஏதாவது ஒன்று. அவன் பழகிக்கொண்ட அரைகுறை ஆங்கிலத்தில் இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

போன ஞாயிறு, சத்தத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று என்ஜின் ஓடுகிற வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான். டெஸ்மன்ட் அதைக் காதில் வைத்து மூன்றுதரம் கேட்டுவிட்டு எரிச்சலோடு மகளிடம் நீட்டினார்.

"இஞ்ச பார், ஒண்டும் விளங்குதில்லை. இவன்ர பெட்டைப்பிள்ளை குறுக்கையும் மறுக்கையும் ஓடிக் கத்திக்கொண்டு திரியுது. அதைப் பிடிச்சு உள்ள விட்டுட்டு எடுத்து அனுப்பச் சொல்லு."