மேட்டில் இறங்கிய இடம்

உத்தனப்பள்ளி ரோட்டில் செங்குத்தான மேடு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் நான் ஆடு மேய்ப்பேன். கிரானைட் கம்பெனியில் கல் அறுத்த ஒருவர் தினமும் காலையில் அதில் சைக்கிள் மிதித்து ஏறுவார். ஒல்லியான ஆள். நெஞ்சில் கல்தூசி படிந்துவிட்டது, மூச்சு தேறினால்தான் வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்; தேறிவிட்டதா என்று பார்க்கத்தான் இந்த மேடு. மூச்சு முட்டுகிற இடத்தில் இறங்கி, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்து நிற்பார். நாளுக்கு நாள் அந்த இடம் கீழே வந்துகொண்டிருந்தது.

ஆண்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஒரு நாள் அவரே கேட்டார்.

“ஏம்மா, நேத்து எங்க எறங்குனேன்? மூச்சு வாங்கறப்ப ஒண்ணும் நெனப்புல நிக்க மாட்டேங்குது.”

முந்தின நாள் மேலே இருக்கிற புளியமரம் வரை ஏறியிருந்தார். அன்று அதில் பாதிகூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கீழே இருந்த பாலத்தைக் காட்டினேன்.

“அங்கதாம்பா எறங்குன. இன்னிக்கு மேல வந்துட்ட.”

அவர் சிரித்தார். “அப்ப தேறிட்டேன். நாளைக்கே வேலைல சேந்துடறேம்மா.”

பொய் சொன்னேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பிறகு கம்பெனி வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டிப் போவார். இப்போது அந்த ஜன்னலோரத்தில் வேறொருவர் உட்கார்ந்து வருகிறார். சைக்கிளில் வந்தவர் எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை.