வாய்க்கால் தண்ணீர் விஷயமாக வந்த மூன்று பேர்

பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்த பிறகு எங்கள் வீட்டில் கடிகாரத்துக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று மாத்திரை. நேரம் தப்பினால் அவர் விரல்கள் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டும். நாகப்பட்டினத்தில் நர்ஸாக இருந்த அத்தை ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்து, ஞாயிறுதோறும் திருவையாற்றுக்கு வந்து பார்ப்பாள். எட்டு வயதில் அதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது, கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக. என்னிடம் நம்பத்தக்கது அது ஒன்றுதான்.

டாக்டர் புதிதாக ஒரு மாத்திரையைச் சேர்த்தார். நடுக்கம் குறைந்தது. பெரியப்பா தானே பித்தான் போட்டுக்கொண்டார், வயல்வரை நடந்துவிட்டு வந்தார். இரண்டாவது வாரம் கூடத்து பெஞ்சைக் காட்டிக் கேட்டார்.

"பாப்பா, அங்க மூணு பேரு உக்காந்திருக்காங்கல்ல?"

பெஞ்சில் யாரும் இல்லை. ஆனால் வீட்டுக்கு ஆள் வந்தால் பெரியம்மா வாழைக்காய் பஜ்ஜி போடுவாள்.

"ஆமா பெரியப்பா" என்றேன்.

"வாய்க்கா தண்ணி விஷயமா வந்திருப்பாங்க. பெரியம்மாகிட்ட சொல்லு."

ஆறு பஜ்ஜி வந்தது. தட்டை பெஞ்சில் வைத்தேன். மாத்திரை போட்டால் பெரியப்பாவுக்குக் கண் செருகும். அவர் விழித்தபோது தட்டு காலி, ஆட்களும் இல்லை. அடுக்களையை விட்டு நகராத பெரியம்மா, "தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதா, என்ன மனுஷங்களோ" என்று அலுத்துக்கொண்டாள்.

வாரத்தில் நான்கு நாள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பெரியப்பா என்னைக் கேட்பார். ஒருநாள், "தண்ணிக்காக வந்தவங்க இப்படி வாயே தொறக்காம இருப்பாங்களா பாப்பா?" என்றார். எங்கள் பக்கத்தில் தண்ணீர் விஷயத்தில் வாய் திறக்காத ஆள் இன்னும் பிறக்கவில்லை, நியாயமான சந்தேகம்தான். "உங்க மேல மரியாதை பெரியப்பா" என்று சமாளித்தேன். 'இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா?' என்று அத்தை நோட்டில் போட்டிருந்த கேள்விக்கு, முத்து முத்தாக 'இல்லை' என்று எழுதினேன்.

அந்த ஞாயிறு அத்தை வந்து நேராக பெஞ்சில் உட்கார்ந்தாள். பெரியப்பா பதறிவிட்டார்.

"பெரியவர் மடியிலயா உக்காருவ? எந்திரிம்மா."

அத்தை எழுந்து வெறும் பெஞ்சைப் பார்த்தாள்.

"பாப்பாவும் பாத்துச்சு, கேளு" என்றார் அவர்.

அப்போதுதான் தட்டோடு வந்த என் வாயில், வழியிலேயே எடுத்த ஒரு பஜ்ஜி இருந்தது. அதை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

அத்தை டாக்டருக்குப் போன் செய்தாள். புது மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார். பிறகு அவள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க யாரும் இல்லண்ணே. மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும். உங்களுக்குப் புத்தி ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள்.

பெரியப்பா அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. "இனிமே திங்கமாட்டேன் பெரியப்பா" என்றேன். அவர் அழுகையோடு சிரித்து, மிச்சமிருந்த ஐந்தையும் என் பக்கம் தள்ளினார்.

அவ்வளவு பஜ்ஜியும் போயிற்றே என்று அழுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் புரிந்தது. தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று வீட்டில் யாரிடமும் கேட்கப் பயந்தவர், அதை மறுபடி மறுபடி என்னிடம்தான் கேட்டிருக்கிறார். நான் ஒவ்வொரு முறையும் அடுக்களையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன்.