பக்கத்துப் படகு சரோஜா அக்கா

சரோஜா அக்கா போய்விட்டார். இன்று விடிகாலை, ஆஸ்பத்திரியில்.

அக்காவுக்கு உடுத்தப் புடவை எடுக்க வந்த சேகர் அண்ணன் படகுத்துறையில் நின்றபடியே சொன்னார். "தங்கச்சி... உங்கக்கா போயிட்டாம்மா."

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... நானும் குணாவும் கல்யாணமானதிலிருந்து பாய்மரப் படகில்தான் குடியிருக்கிறோம். கிளேபாங் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஜெட்டி... படகுத்துறையை இங்கே அப்படித்தான் சொல்வோம். அக்காவும் அவர் கணவர் சேகர் அண்ணனும் பக்கத்துப் படகு. அண்ணன் கப்பல் என்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அக்கா பக்கத்து ஊர் செங்கில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வேலையை விட்ட பிறகும் சூப்பர்வைசர்தான்... எங்களுக்கு.

வயது அறுபது. "ஆன்ட்டி" என்று கூப்பிட்டால் தொலைந்தோம். "நான் என்னா கெழவியாலா?"

படகில் வாழ்கிறோம் என்றால், "ஆஹா, என்ன பீஸ்ஃபுல் லைஃப்" என்பார்கள். ஒரு நாள் எங்கள் ஜெட்டியில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

காலையில் ரேடியோ கரகரக்கும். படகுக்குப் படகு பேச வைத்திருப்பது. காற்று, மழை, ஆபத்து என்றால் சொல்வதற்கு. அக்கா அதில் தினமும் நிகழ்ச்சி நடத்துவார்.

"எல்லாரும் எந்திரிச்சாச்சா? நான் பாசாருக்குப் போறேன். என்னா வேணுமோ இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் கறிவேப்பிலை இல்லன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது." தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை, அவருடைய இங்கிலீஷில் ஒரு தடவை.

ஒரு நாள் அதே குரலில்... "குணா பொண்டாட்டி காலையில காலையில வாந்தி எடுக்குது. கடல் ஒத்துக்கலையாம். கடலும் இல்ல ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும்லா. மாங்கா வாங்கிட்டு வரேன்."

குணா பக்கத்தில் படுத்திருந்தான். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அப்படியா?" என்றான்.

அன்று சாயங்காலம் சொல்லலாம் என்று கேக் எல்லாம் ஆர்டர் பண்ணியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்ப் படகு வெள்ளைக்காரர் ஹாரன் அடித்து வாழ்த்தே சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்தத் தீபாவளி. அக்கா ஊரையெல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டார்... எங்கள் படகுக்கு! "எங்க படகுல துணி காயுது, உங்களுதுதான் பாக்க நல்லா இருக்கு."

அலோர் காஜா பக்கம் எஸ்டேட்டிலிருந்து அவர் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய இறங்கினார்கள். ஆறு பேர் உட்காரும் இடம். வாசலில் செருப்பு விட இடமில்லாமல் ஜெட்டி நெடுகச் செருப்பு. எங்கள் டாய்லெட்டில் கையால் பம்ப் அடிக்க வேண்டும் என்று நான் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டியது. மூன்றாம் ஆளிலேயே அடைத்துக்கொண்டது. அக்கா முறுக்குத் தட்டோடு சுற்றிக்கொண்டே, "குணா, சீக்கிரம் பாருய்யா, ஆளுங்க காத்திருக்காங்க" என்றார். புது வேட்டியோடு குணா குனிந்து உட்கார்ந்து பம்பைக் கழற்றினான்.

அப்புறம், எனக்கு ஏழாவது மாதம். குணா கோலாலம்பூர் போயிருந்தான். விடிந்ததும் விடியாததுமாகச் சுமத்ரா பக்கமிருந்து பேய்க்காற்று. முன்பக்கக் கயிறு அறுந்து, படகு கரையோரக் கற்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறேன்... அக்கா நைட்டியோடு, தலையில் பிளாஸ்டிக் பையோடு, தாவி ஏறுகிறார்.

"நீ உள்ள போடி!"

"அக்கா, அந்தக் கைப்பிடிக் கம்பியில கட்டாதீங்க, அது தாங்காது!"

"எனக்குத் தெரியும்லா!"

அதே கம்பியில்தான் கட்டினார். கம்பி வில்லாக வளைந்தது. மறுபடி ஜெட்டிக்குத் தாவி, கயிற்றின் மறுமுனையை அங்கே ஒரு தூணில் சுற்றி, வெறுங்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றார். அண்ணன் ஓடிவந்து வேறு கயிறு போடும் வரை விடவில்லை.

அப்புறம் என் கிச்சனிலேயே எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். "இப்படியா கம்பி வைப்பாங்க? நாளைக்கே மாத்தணும்" என்று எனக்கே திட்டு. அவர் உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது. கேட்டதற்கு, "மீன் கழுவறப்ப கிழிச்சிக்கிச்சு" என்றார். நான் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றவள்!

இந்த வருஷம் அடிக்கடி செங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் வந்தார். மெலிந்தார். தலையில் துணி கட்டிக்கொண்டார்.

"என்னாக்கா, ஸ்டைலு?"

"வெயிலுலா."

"இளைச்சிட்டீங்களே?"

"டயட்டு. சுரைக்கா ஜூஸ். வெறும் வயித்துல குடிக்கணும், உப்பு போடக் கூடாது."

அவ்வளவு விளக்கமாகச் சொன்னார். பிள்ளை பெற்ற உடம்பு இறங்கட்டும் என்று நானும் அந்தக் கண்றாவியைக் குடித்தேன்... வாரக்கணக்கில்.

கீமோவாம். இன்று அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா. எல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து படகுல ஏறுவாங்க, என்னால தாங்க முடியாதுன்னா."

யார் படகில் யார் ஏறுவதைப் பற்றி யார் பேசுவது, அக்கா?

அண்ணன் புடவை எது என்று தெரியாமல் உள்ளே நின்றுகொண்டிருந்தார். நான்தான் போய்த் தேடினேன். அந்த மாம்பழக் கலர். கல்யாண வீடுகளுக்குக் கட்டுவது. இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் தங்கை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். ஜெட்டி ஆட்கள் எல்லோரும் போகிறோம். மகளையும் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

போய் வாங்க, அக்கா. உங்களைத் திட்ட இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது...